உழாத நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

மதுரை மாவட்டத்தில் சாகுபடி நின்றுபோன நிலங்களைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அங்கே தானாக முளைத்து வருவதை எப்படி வரைபடத்தில் குறிக்கிறார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எங்க நிலத்தை என்ன செய்யலாம்’ என்றுதான் முடிகிறது. நான் வரைபடம் போடுகிறவன், கூடவே படத்தில் பார்த்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்கிறவன். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, சொந்த ஊர் கள்ளிக்குடி பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அப்பா இருந்தவரைக்கும் நாலு ஏக்கர் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போட்டார். அவர் தவறி பதினோரு வருஷமாச்சு, அதுக்கப்புறம் உழவே இல்லை. இப்போ உள்ளே நுழைய முடியாத அளவுக்கு வேலிக்கருவை, அதான் சீமைக்கருவேலம். ஜேசிபி விட்டு மொத்தமா வழிச்சு எடுத்திரலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

எடுக்கலாம் தம்பி, ஆனால் அந்த ‘மொத்தமா’வில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து உங்கள் நிலத்துக்குப் போய், பழைய படங்களைக் காட்டும் வசதியைத் தட்டி, அப்பா இருந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். நாலு ஏக்கரும் ஒரே நாளில் முள்ளாகவில்லை என்பது தெரியும். நான் அந்தப் பக்கத்தில் பார்த்த நிலங்களில் பெரும்பாலும் வாய்க்கால் ஓரத்திலும் வேலியோரத்திலும்தான் கருவை முதலில் காலூன்றுகிறது, அங்கிருந்து உள்ளே நகர்கிறது. நடுவில் ஒரு துண்டு மட்டும் நாலைந்து வருஷம் வெறும் புல்லும் ஆவாரையுமாகக் கிடக்கும். எந்த மூலை எப்போது மூடியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக மூடிய துண்டில் மரம் சின்னதாக இருக்கும், செலவு கம்மி. ஆரம்பிப்பதானால் அங்கே ஆரம்பியுங்கள்.

அப்புறம் உள்ளே போய்ப் பார்க்காமல் ஜேசிபிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பேரையூர் பக்கம் இப்படித்தான் ஒரு எட்டு ஏக்கர், படத்தில் ஒரே சீரான பச்சை, நானும் ‘கருவை’ என்று ஒரே வண்ணம் அடித்து வைத்திருந்தேன். அரிவாளோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனால் பழைய வரப்பு அப்படியே இருக்கிறது. அந்த வரப்பின் மேல் காய்ந்துபோன ஒரு கருவைக் கிளைக்கு நேர் கீழே, வட்டம் போட்ட மாதிரி வேப்பங்கன்றுகள். பதினேழு எண்ணினேன். மைனாவோ காக்காயோ அந்தக் கிளையில் உட்கார்ந்து பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கிறது, முள்ளுக்குள்ளே ஆடு நுழைய முடியாததால் கன்று பிழைத்திருக்கிறது. முழங்கால் உயரத்தில் சில, என் தலைக்கு மேல் இரண்டு. ஜேசிபி வாளிக்கு அதெல்லாம் ஒரே குப்பைதான். முதல் நாளே அந்த மாதிரி கன்றுகளில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், ஓட்டுநரிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

கருவையைப் பொறுத்தவரை வெட்டுவது வேறு, எடுப்பது வேறு. மண்மட்டத்துக்கு வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துத் தளிர் வரும், ஒற்றைத் தண்டாக இருந்தது புதராகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் தூர்க் கட்டையோடு வரவேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து ‘நாங்களே வெட்டிக்கிறோம், காசும் தர்றோம்’ என்று கேட்பார்கள். கொடுக்கலாம், செலவில் ஒரு பங்கு வந்துவிடும். ஆனால் அவர்களுக்குத் தூர் இருந்தால்தான் மூன்று நாலு வருஷத்தில் மறுபடி வெட்டு கிடைக்கும், உங்களுக்குத் தூர் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் எதிரெதிர். அதனால் தூரையும் தோண்டி எடுப்பது யார் பொறுப்பு என்பதைப் பேசி எழுதிக்கொண்டு பிறகு உள்ளே விடுங்கள்.

கரிசல் ஆச்சே, மழையில் வண்டி இறங்கினால் புதைந்துவிடும், சித்திரை வெயிலில் கல்லாக இறுகிவிடும். தை, மாசியில் லேசாக ஈரம் இருக்கும்போது தூர் முழுசாக வரும் என்பது என் அனுபவம்.

இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எடுத்த வருஷமே விதை போட ஆள் இருக்கிறதா? நீங்கள் திருப்பூரில், அம்மாவுக்கு வயதாகியிருக்கும். மண்ணுக்குள் பதினோரு வருஷமாக விழுந்த கருவை விதை அப்படியே கிடக்கிறது. நிலத்தைத் திறந்து வெயில் பட வைத்துவிட்டு உழாமல் விட்டால், இரண்டே வருஷத்தில் இதைவிட நெருக்கமாக வரும். ஒரு ஏக்கருக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் ஒரு ஏக்கரை மட்டும் எடுங்கள், அதில் குதிரைவாலியோ சோளமோ போடுங்கள், முளைக்கிற கருவைக் கன்றை மூன்று வருஷம் விடாமல் உழவோட்டிக் கொல்லுங்கள். மீதி மூன்று ஏக்கர் காத்திருக்கட்டும், ஒன்றும் ஓடிப்போகாது.

வணக்கம் சார். மதுரையில் கல்லூரியில் புவியியல் படிக்கிறேன். திருமங்கலம் தாலுகாவுக்கு 2014 படத்தையும் 2017 படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் மானாவாரி நிலத்தில் பெரும்பகுதி கைவிடப்பட்டதாக வருகிறது. ஊரில் காட்டினால் ‘அதெல்லாம் நாங்க வெதச்ச காடும்மா’ என்று சிரிக்கிறார்கள். எங்கே தப்பு செய்தேன்?
– ஒரு மாணவி, மதுரை

கணக்கு சரியாகத்தான் இருக்கும்மா, வருஷத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது நினைவிருக்கிறதா? அறுபது சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அந்த வருஷம் திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி பக்கம் விதைத்தவர்களுக்கே முளைப்பு இல்லை, பலபேர் விதைக்கவே இல்லை. நீ எடுத்த படத்தில் தெரிவது வறட்சி. மழை வந்ததும் அதே ஆட்கள் அதே காட்டில் உழுதார்கள்.

இரண்டு படத்தை வைத்துக்கொண்டு ‘கைவிடப்பட்ட நிலம்’ என்று யாரும் சொல்லக்கூடாது, அது பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. நம் வருவாய்க் கணக்கிலேயே இதற்கு அளவு இருக்கிறது. இந்த வருஷம் மட்டும் விதைக்காதது நடப்புத் தரிசு, ஒரு வருஷத்துக்கு மேல் 5 வருஷம் வரை கிடப்பது பிற தரிசு, 5 வருஷத்துக்கு மேல் போனால் சாகுபடிக்கு உகந்த தரிசு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் 5 வருஷத்துக்கு உட்பட்டதைத்தான் தற்காலிகத் தரிசு என்கிறது. ஆக, ஐந்தாறு வருஷத்துக்காவது வரிசையாகப் படம் வேண்டும்.

எதைப் பார்ப்பது என்றால், பச்சையின் நடையைப் பார்க்கவேண்டும். இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பச்சை எவ்வளவு என்று சொல்லும் ஓர் எண் வருகிறதே, நீ படித்திருப்பாய், என்டிவிஐ. அதை மாதவாரியாகக் கோடு போட்டுப் பார். மானாவாரிப் பயிர் ஐப்பசியில் மேலே ஏறும், மார்கழியில் உச்சம், அறுப்பு முடிந்ததும் தை மாசியில் சடாரென்று கீழே விழும். புல்லும் மழைக்கு ஏறும், ஆனால் விழுவது மெதுவாக, காயக் காய. வேலிக்கருவை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது, வருஷம் பூராவும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது மே மாதப் படத்தை. கிணறு இல்லாத கரிசல் காட்டில் அக்கினி நட்சத்திரத்தில் பச்சையாக நிற்கிறது என்றால் அது பயிராக இருக்க வாய்ப்பே இல்லை.

இதிலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் மே மாதத்தில் பச்சைதான். கண்மாய் உள்வாய் முழுக்கக் கருவை நிற்கும், அதை ‘கைவிடப்பட்ட விவசாய நிலம்’ கணக்கில் சேர்த்துவிட்டால் ஊர் கண்மாயே பட்டா நிலமாகிவிடும். அதனால் கிராம வரைபடத்தை வைத்துக் கண்மாய், ஓடை, புறம்போக்கையெல்லாம் முதலில் வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் கணக்குப் போடு. நான்கு வழிச்சாலை ஓரத்தில் கல் நட்டு மனை பிரித்துப்போட்டதும் படத்தில் தரிசு மாதிரியே தெரியும். அங்கே முள் முளைத்தாலும் அது திரும்பி வரப்போகிற நிலம் இல்லை, தனி வண்ணம் கொடு.

எந்தப் படத்தை எடுத்தாய் என்று எழுதவில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் என்றால் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம்ம கணக்கில் சுமார் 22 சென்ட். ஒரு ஏக்கருக்கு நாலரைப் புள்ளிதான் விழும், வரப்போரத்துப் புள்ளியெல்லாம் பக்கத்துக் காட்டோடு கலந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட், ஏக்கருக்கு 40 புள்ளி. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் நம்ம ஊருக்கு அதுதான் பொருந்தும். ஆனால் சென்டினல்-2 வந்தது 2015-ல், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க லேண்ட்சாட் வேண்டும், அது 1984-லிருந்து 30 மீட்டர் அளவில் இருக்கிறது. இரண்டுமே இலவசம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேகம் மறைக்கும், நமக்கு வேண்டிய மாதமும் அதுதான். மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ராடார் படம் சென்டினல்-1-ல் கிடைக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்.

சிரித்தார்களே அந்த ஊர்க்காரர்கள், அவர்களில் இரண்டு பேரைப் பிடித்து வரைபடத்தைக் கையில் கொடுத்துப் புல எண் புல எண்ணாகக் கேட்டு எழுது. உன் வேலையில் அதைவிட உருப்படியான பகுதி இல்லை.

எங்கள் அடங்கலில் ஆறேழு வருஷமாக ‘தரிசு’ என்றே எழுதிவருகிறார்கள். இப்படியே போனால் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று கொழுந்தனார் பயமுறுத்துகிறார். உண்மையா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பயப்படாதீர்கள் அம்மா. அடங்கல் என்பது ஒவ்வொரு பசலி ஆண்டும், ஜூலை முதல் ஜூன் வரை, எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. அதில் தரிசு என்று இருப்பதால் மட்டும் உங்கள் பட்டா போய்விடாது. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு என்று போகும்போது சாகுபடி இல்லை என்பது இடிக்கும், அவ்வளவுதான்.

அரசாங்கத்தை விடக் கவனிக்க வேண்டியது அக்கம்பக்கம். தனியார் நிலத்தை ஒருவர் வெளிப்படையாக, தனக்கே உரியது என்று, நீங்கள் தட்டிக் கேட்காமல் 12 வருஷம் தொடர்ந்து அனுபவித்தால் அதை வைத்து உரிமை கொண்டாட 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. யாராவது வரப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறார்களா, முள்ளை வெட்டித் தன் பக்கம் சேர்த்திருக்கிறார்களா என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். எல்லைக்கல் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணைய சேவையில் எடுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரருக்கே குத்தகைக்கு விட்டாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அது கொழுந்தனாராக இருந்தாலும்.

ஐயா, நாங்கள் கிடை போடுகிற குடும்பம். மேலூரிலிருந்து சிவகங்கைப் பக்கம் வரை ஆட்டைப் பத்திக்கொண்டு போவோம். நீங்கள் வரைபடத்தில் ‘பயன்பாடு இல்லாத நிலம்’ என்று போட்டிருந்த பல இடங்களில்தான் எங்கள் ஆடு மேய்கிறது. அதையெல்லாம் சாகுபடிக்குக் கொண்டுவந்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?
– ஒரு வாசகர், மேலூர்

ஐயா, அந்த வார்த்தையை நான் போட்டிருக்கக் கூடாது. திருத்திக்கொள்கிறேன். உழவு இல்லை என்பதற்காகப் பயன்பாடு இல்லை என்று எழுதினது தப்பு. எனக்கு இது தெரியாததும் அல்ல. எங்கள் ஊரிலேயே அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தையோடு கீதாரி வந்து கிடை போடுவார், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, வலையை மாற்றி மாற்றி அடித்து, விடிந்தால் காடு பூராவும் புழுக்கையும் மூத்திரமுமாக இருக்கும். அந்த வருஷம் உரம் வாங்கவேண்டியதில்லை.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் மேய்ச்சல் தெரியாது. ஆட்டுப் பாதை மண்ணில் ஒரு அடி அகலம், 10 மீட்டர் புள்ளிக்குள் அது எங்கே அகப்படும்? அரசு ஆவணத்தில் மேய்ச்சல் புறம்போக்கு என்று தனியாக இருப்பதாவது எழுத்தில் இருக்கிறது, ஆனால் நீங்கள் வழக்கமாக இறங்கும் பட்டா தரிசு எந்த ஏட்டிலும் இல்லை. அதனால் தரிசு கணக்கெடுக்கிற எந்த ஊரிலும் ‘யார் ஆடு, எந்த மாசம்’ என்று ஒரு கட்டம் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று இனி நான் போகிற இடத்திலெல்லாம் சொல்லப்போகிறேன். நீங்களும் உங்கள் வழியை, எந்தெந்த ஊரில் எந்த மாசம் இறங்குகிறீர்கள் என்பதை, எழுதி அனுப்புங்கள். வரைந்து தருகிறேன், கிராமசபையில் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடமும் சொல்லவேண்டும். ஆடு கருவை நெற்றைத் தின்றால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து நன்றாக முளைக்கும். நீங்கள் கிடை போட்ட நல்ல காட்டில் அடுத்த வருஷம் கருவைக் கன்று வந்தால் பழி உங்கள் மேல் விழும். நெற்று கொட்டுகிற கோடையில் கருவைக் காட்டில் மேய்ந்த மந்தையை நேராக உழவுக் காட்டில் அடைக்காமல், நாலைந்து நாள் புல் தரையில் மேயவிட்டு அப்புறம் அடைத்தால் நல்லது. நெற்றைப் பொறுக்கி அரைத்துத் தீவனத்தில் கலந்தால் விதை செத்துவிடும், தீனிக்குத் தீனியும் ஆச்சு.

வேலிக்கருவை காற்றில் இருக்கும் ஈரப்பதத்தையும் உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை இல்லை என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

மழை பெய்யாததற்குக் கருவையைக் காரணம் சொல்ல ஆதாரம் கிடையாது. அது கெடுப்பது வேறு விதத்தில். வேர் ஆழமாக இறங்கும், நெருக்கமாக நின்று அடியில் வேறு செடியை வளரவிடாது, கண்மாய்க்கு வரும் வரத்துக் காலை அடைக்கும். 1870-களில் விறகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட மரம், இன்றைக்கும் எத்தனையோ வீட்டுக்கு அடுப்பெரிக்கவும் கரிமூட்டத்துக்கும் அதுதான் இருக்கிறது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஊருக்கு ஊர் வெட்டினார்கள். வெட்டியதோடு நிறுத்திய இடங்களில் இப்போது போய்ப் பாருங்கள், ஒரு மரம் இருந்த இடத்தில் ஒரு புதர் இருக்கும்.

அண்ணே, நான் பேரையூர் பக்கம் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினர். எங்கள் ஊர் தரிசை முழுசாக வரைபடமாக்கி, எதைச் சாகுபடிக்குக் கொண்டுவரலாம் என்று நாங்களே முடிவெடுக்க ஆசை. கையில் பணம் இல்லை, ஆள் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், பேரையூர்

ஆள் இருந்தால் போதும் தம்பி. கணினியில் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள், ஊரில் பொறியியல் படித்துவிட்டு இருக்கிற பிள்ளை ஒன்று ஒரு வாரத்தில் பழகிவிடும். புல எண் எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்க அரசின் வரைபடத் தளத்திலேயே வசதி இருக்கிறது. எல்லை சில இடத்தில் சில மீட்டர் தள்ளி நிற்கும், அதை நம்பி வரப்புச் சண்டை போடக்கூடாது, எந்தக் காடு யாருடையது என்று அடையாளம் பார்க்க அது போதும்.

பிறகு ஒவ்வொரு புல எண்ணுக்கும் இரண்டே கேள்வி. கடைசியாக எந்த வருஷம் உழுதார்கள்? இப்போது என்ன நிற்கிறது? முதல் கேள்விக்குப் படத்தை விட டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டிராக்டர்காரர் நன்றாகச் சொல்வார், ஏனென்றால் யார் காட்டில் எப்போது கடைசியாக ஒன்பது கொத்துக் கலப்பை இறக்கினார் என்பது அவருக்குக் கூலிக் கணக்கு. இரண்டாவது கேள்விக்கு நடக்கவேண்டும். நடக்கும்போது வெறுமனே ‘முள்’ என்று எழுதாதீர்கள். விட்ட முதல் வருஷம் குப்பைமேனி, நாயுருவி, தும்பை, கோரை, பார்த்தீனியம் என்று சின்னச் சின்னதாக வரும். அப்புறம் கொழுஞ்சி, எருக்கு, ஆவாரை. அதற்கப்புறம்தான் இலந்தையும் கருவையும் தலைதூக்கும். நிலத்துக்கு நிலம் இந்த வரிசை முன்னே பின்னே இருக்கும், ஆனால் செடியைப் பார்த்தே அது எத்தனை வருஷத் தரிசு என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஆவாரையும் கொழுஞ்சியும் மட்டும் நிற்கிற காட்டுக்கு ஜேசிபி வேண்டாம், சட்டிக் கலப்பை ஒரு ஓட்டு, கொத்துக் கலப்பை இரண்டு ஓட்டு, முடிந்தது. முதலில் சாகுபடிக்குக் கொண்டுவரவேண்டியது அந்தக் காடுகளைத்தான். பத்து வருஷ முள்காட்டை முதலில் கைவைத்துப் பணத்தைக் கரைத்துவிட்டு, மூன்று வருஷத் தரிசைக் கவனிக்காமல் விட்டு, அதுவும் முள்காடான ஊரை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் விட்டார்கள் என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். மயிலும் காட்டுப்பன்றியும் விடவில்லை என்பார்கள், கிணறு வற்றிவிட்டது என்பார்கள், அண்ணன் தம்பி பாகம் பிரியவில்லை என்பார்கள், மகன் சென்னையில் என்பார்கள். பாகம் பிரியாத காட்டில் முள்ளை எடுத்துக் கொடுத்து என்ன பயன், மறுபடி முள்தான் வரும். 2021-22-ல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் 10 முதல் 15 ஏக்கர் வரை சேர்ந்தாற்போல இருக்கும் தரிசை ஒரு தொகுப்பாக்கி, குறைந்தது 8 விவசாயிகள் சேர்ந்தால், முள்ளை அகற்றுவதிலிருந்து ஆழ்துளைக் கிணறு வரை செய்து தர வழி இருந்தது. உங்கள் ஊராட்சிக்கு இப்போது அதில் இடம் இருக்கிறதா என்று வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். எந்த 8 பேர் ஒத்துப்போவார்கள், எந்தத் தரிசு சேர்ந்தாற்போல இருக்கிறது என்பதை நீங்கள் போடுகிற வரைபடத்தை விரித்த உடனே சொல்லிவிடலாம், அதிகாரி வந்து தேடவேண்டியதில்லை.

எல்லாத் தரிசையும் சாகுபடிக்குக் கொண்டுவந்தே தீரவேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாறையும் பொட்டலும் முள்ளுமாகத் தெரிகிற இடத்தில்தான் கௌதாரியும் காடையும் குஞ்சு பொரிக்கும். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். விவரம் தெரியாதவர் படத்தில் பார்த்தால் அதில் பாதியைப் பாழ்நிலம் என்றுதான் எழுதுவார். உங்கள் ஊரிலும் அந்த மாதிரி ஒரு கரடோ ஓடையோரமோ இருந்தால், வரைபடத்தில் அதற்கு ஒரு பெயரும் ஒரு வண்ணமும் கொடுத்து, கை வைக்கவேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். அலங்காநல்லூர் பக்கம் இரண்டு ஏக்கர் செவல், எட்டு வருஷமாக உழவில்லை. கிணற்று மேட்டில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த பழைய கமலைக் கல் கிடக்கிறது, அதன் பக்கத்தில் பொடிப்பொடி இலையோடு முள் இல்லாத மரம் ஒன்று தானாக வந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. மகள்கள் சிங்கப்பூரில். விற்க மனமில்லை. சும்மா விட்டால் தானாகக் காடாகிவிடும், பறவைகளாவது இருக்கட்டும் என்று நினைக்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகர், அலங்காநல்லூர்

நல்ல எண்ணம் ஐயா. நீங்கள் கேட்டதும் எனக்கு ரஷ்யாதான் ஞாபகம் வந்தது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் கூட்டுப்பண்ணைகள் நின்றுபோய், ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் கோடிக்கணக்கான ஏக்கர் உழவில்லாமல் கிடந்தது. ரஷ்யாவின் ஈரமான பகுதிகளில் அந்த வயல்களில் பூர்ச்ச மரம் தானாக முளைத்து இன்று இளங்காடாக நிற்கிறது. கஜகஸ்தானின் வறண்ட வெளியில் பழையபடி புல்வெளி வந்தது. லேண்ட்சாட் படத்தில் வருஷா வருஷம் அதைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே சும்மா விட்டால் அந்த மண்ணுக்குரியது வந்தது. நம் பக்கம் சும்மா விட்டால் முதலில் வருவது கருவை. அதனால் உங்கள் நிலம் காடாகலாம், ஆனால் சும்மா விட்டு ஆகாது, வருஷத்துக்குப் பத்து நாள் வேலை வேண்டும்.

ஐப்பசி மழை நன்றாக நனைத்த பிறகு ஒரு வாரம் ஆள் விட்டு, சாண் உயரத்தில் இருக்கும் கருவைக் கன்றை வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். ஈர மண்ணில் கையோடு வரும், செவலில் இன்னும் சுலபம். பெரியது நின்றால் கடப்பாரை போட்டுத் தூரோடு எடுங்கள், ஆனால் அதன் நிழலில் வேம்போ இலந்தையோ கன்றாக இருந்தால் அது நெஞ்சுயரம் வரும்வரை அந்த ஒரு கருவையை மட்டும் விட்டுவையுங்கள், ஆட்டிலிருந்து காப்பாற்றும். ஆவாரை, இலந்தை, கிளுவை, மஞ்சணத்தி எதையும் தொடவேண்டாம். மாசி, பங்குனியில் புல் காய்ந்ததும் சுற்றிலும் ஆறடி அகலத்துக்குச் செதுக்கிவிடுங்கள், யாராவது பீடியைப் போட்டுவிட்டுப் போனாலும் தீ உள்ளே வராது. கிணற்று மேட்டில் பழைய கமலைக் கல் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, ஒவ்வொரு வருஷமும் தை மாசம் அதன் மேல் ஏறி நின்று நாலு திசையும் படம் எடுத்து வையுங்கள்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தானாக வந்த மரம் என்னவென்று தெரியவில்லை, பொடிப்பொடி இலை, முள் இல்லை என்கிறீர்கள். முள் இல்லை என்றால் வெள்வேலும் இல்லை, நாட்டுக் கருவேலும் இல்லை. உசிலாக இருக்கலாம், உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த மரம். ஒரு கைப்பிடி இலையைப் பறித்துக் கசக்கித் தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள், அந்தக் காலத்தில் தலைக்குத் தேய்த்துக் குளித்த பொடி இதுதான், நுரைக்கவேண்டும். நுரைத்ததா என்று எழுதுங்கள்.